பழைய துணைக்கப்பலை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

தூத்தூர் அலை:
ஒக்கிப் புயல் வந்த 2017 நவம்பர் கடைசியில் எங்கள் ஊர்ப் படகுகள் கரையைவிட்டு வெகுதூரம் தள்ளித் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தன. அவ்வளவு தூரம் போய் நாள்கணக்கில் நின்று தேட வேண்டுமென்றால், தேடுகிற கப்பலுக்கு நடுக்கடலிலேயே எண்ணெயும் தண்ணீரும் கொடுக்க இன்னொரு கப்பல் வேண்டும். நம் கடற்படையில் அந்த வேலைக்குப் பெரியதாக இருப்பவை ஜோதி, ஆதித்யா, தீபக், சக்தி என்று நாலுதான். ஜோதி 1996இல் சேர்ந்தது. விசாகப்பட்டினத்தில் ஐந்து புதுக் கப்பல் கட்ட 2023இல் சுமார் 19,000 கோடிக்கு ஒப்பந்தம் போட்டார்கள், ஐந்தும் வந்து சேர வருஷங்கள் ஆகும். அதுவரை ஓடுகிற டேங்கர் ஒன்றிரண்டை வாடகைக்கு எடுத்தால் என்ன? பாதுகாப்புத் துறையின் 2020 கொள்முதல் விதிகளிலேயே குத்தகைக்கு வழி வைத்திருக்கிறார்கள்.

குளச்சல் இன்ஜின் ரூம்:
மக்கா, இருபது வருஷம் டேங்கரில் வேலை பார்த்தவன் சொல்கிறேன், வாடகைக் கப்பலை நம்பாதே. ஒப்பந்தம் முடியப் போகிறது என்றால் முதலாளி ஒரு பம்ப் மாற்றக்கூட யோசிப்பார், ஸ்பேர் கேட்டால் அடுத்த துறைமுகத்தில் பார்க்கலாம் என்பார். அது வியாபாரத்துக்குச் சரி. போர்க்கப்பலுக்குப் பக்கத்தில் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டே குழாய் போட்டு எண்ணெய் கொடுக்கிற கப்பலுக்குச் சரிவராது. சண்டை வந்தால் இன்னும் மோசம். 1982இல் பிரிட்டன் வணிகக் கப்பல்களையும் ஃபாக்லாந்து தீவுச் சண்டைக்குக் கூட்டிப்போனபோது அவற்றில் அட்லாண்டிக் கன்வேயர் என்பது ஏவுகணை பட்டு எரிந்து மூழ்கியது. அதே சண்டைக்கு வாடகைக்குப் போன இன்னொரு சரக்குக் கப்பலை அவர்கள் 1984இல் சொந்தமாக வாங்கி, ஆர்கஸ் என்று பெயர் வைத்து, பல பத்து வருஷம் ஓட்டினார்கள். அதனால் நல்லதாகப் பார்த்து வாங்கிவிட வேண்டும்.

முட்டம் கலங்கரை:
வாங்குவது மட்டும் லேசா அண்ணே? எங்கள் அப்பா கேரளப் பக்கம் ஒருவரிடம் பழைய விசைப்படகு வாங்கினார். விலை குறைவு, பெயிண்ட் பளபளப்பு. மூன்றாவது தங்கல் பயணத்தில் பலகை விட்டுத் தண்ணீர் ஏறியது, அதைச் சரிபண்ணவே வாங்கின காசில் பாதி போனது. ரஷ்யாவிடம் வாங்கிய பழைய விமானந்தாங்கிக் கப்பல் கோர்ஷ்கோவ் கதையும் அதுதான். 2004இல் கிட்டத்தட்ட 97 கோடி டாலர் என்று ஆரம்பித்து, 2013இல் விக்ரமாதித்யாவாகக் கையில் வரும்போது 230 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. நியூசிலாந்து பழைய கப்பலை வாங்கி மனவானுயி என்று பெயர் வைத்தது, 2024 அக்டோபரில் சமோவா பக்கம் பாறையில் ஏறி மூழ்கியது.

குளச்சல் இன்ஜின் ரூம்:
கோர்ஷ்கோவ் விமானந்தாங்கி, அதை வெட்டி ஒட்டி வேறு கப்பலாகவே ஆக்கினார்கள், டேங்கரோடு அதைச் சேர்க்காதே. மனவானுயி பழசு என்பதால் மூழ்கவில்லை தம்பி. தானியங்கி ஸ்டியரிங் போட்டபடியே இருந்தது, ஆட்கள் அதைக் கவனிக்கவில்லை, இது விசாரணையில் வந்தது. ஆஸ்திரேலியாவைப் பார். வணிகத்துக்காகக் கட்டின டேங்கர் ஒன்றை வாங்கி, எண்ணெய் கொடுக்கும் சாதனம் பொருத்தி, சிரியஸ் என்று 2006இல் சேர்த்து 2021 வரை ஓட்டினார்கள்.

முட்டம் கலங்கரை:
சரி, மனவானுயி விஷயத்தில் நான் சொன்னது தப்பு. ஆனால் வேறொருவர் வேலைக்காகக் கட்டின கப்பல் கைக்கு வரும்போது அதன் கருவிகளைப் பழகவே நம் ஆட்களுக்குக் காலம் பிடிக்கும், அந்த விசாரணையிலும் பயிற்சி போதவில்லை என்றுதான் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவே 2011இல் பிரிட்டனிடம் வாங்கிய பழைய கப்பல் சௌல்ஸ், அடுத்த வருஷமே டிரான்ஸ்ஃபார்மர் கெட்டு மாதக்கணக்கில் நின்றது.

தூத்தூர் அலை:
ஜலாஷ்வாவை இரண்டு பேரும் விட்டுவிட்டீர்கள். 1971இல் சேர்ந்த அமெரிக்கக் கப்பல், 2007இல் ஏறக்குறைய 4.8 கோடி டாலருக்கு வாங்கினோம். அடுத்த பிப்ரவரியிலேயே கப்பலுக்குள் விஷவாயு கசிந்து நம் வீரர்கள் இறந்தார்கள், அதை மறக்க முடியாது. ஆனால் 2020இல் கொரோனா சமயம் கொழும்பிலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்ததும் அதே ஜலாஷ்வாதான். அப்புறம், காசு கொடுத்து வாங்கினால் முழுசாக நம்முடையது என்றும் நினைக்க வேண்டாம். தாக்குதலுக்குப் பயன்படுத்துவதில் கட்டுப்பாடு, அமெரிக்கர்கள் வந்து சோதிக்கலாம் என்ற நிபந்தனை, இதெல்லாம் இருக்கிறது என்று தணிக்கை அறிக்கையே சொன்னது.

வாடகையிலும் நல்லபடி நடந்தது உண்டு. கனடாவில் எண்ணெய் கொடுக்கும் கடற்படைக் கப்பல் புரொடெக்டர் 2014இல் தீப்பிடித்து ஓட முடியாமல் போனதும், ஒரு கன்டெய்னர் கப்பலை எண்ணெய்க் கப்பலாக மாற்றி, அஸ்டெரிக்ஸ் என்று 2018இலிருந்து வாடகைக்கு ஓட்டுகிறார்கள். அது வணிகக் கப்பல் தரம்தான், அடி வாங்கித் தாங்காது, அண்ணன் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தேடுவதற்கும் புயல் உதவிக்கும் அது போதும்.

கடலுக்கடியில் முக்குளிப்பவர்களுக்குத் துணையாகப் போகிற நம் கப்பல் நிரீக்ஷக்கையும் பாருங்கள். மும்பை மசகான் டாக்கில் 1985இல் கட்டினது. கடற்படை அதை முதலில் வாடகைக்கு எடுத்து 1989இலிருந்து ஓட்டிப் பார்த்து, 1995இல் சொந்தமாக வாங்கியது. ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குவது நம்மிடம் முன்பே இருந்த வழக்கம்தானே.

குளச்சல் இன்ஜின் ரூம்:
அப்படியானால் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் நான் சொல்வதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். வாடகைக் காலத்தில் கப்பல் நம் மாலுமிகள் கையில் இருக்க வேண்டும், தண்ணீரை விட்டு ஏற்றிப் பழுதுபார்க்கிற டிரை டாக் எப்போது, எந்த யார்டு என்பதை முதலாளி தீர்மானிக்கக் கூடாது. டாக்கில் ஏற்றி அடிப்பலகைத் தகட்டின் கனத்தை நம் ஆட்களே அளந்து பார்த்த பிறகுதான் வாங்குகிற விலையைப் பேச வேண்டும்.

முட்டம் கலங்கரை:
அப்படிக் கையெழுத்துப் போட எந்த முதலாளி வருவார்? வந்தாலும் வாடகையை இரண்டு மடங்கு கேட்பார்.

தூத்தூர் அலை:
கேட்கட்டும். ஒக்கிக்குப் போன எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்பதை எண்ணி வைத்திருக்கிற ஊர் இது. அடுத்த நவம்பருக்கு முன்னால் ஒரு கப்பலாவது வேண்டும்.