விண்டோஸ் 11-க்கு மாறினவங்க அனுபவம்: எது ஓடுது, எது மக்கர் பண்ணுது

காந்திபுரம் சர்வீஸ்:
விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட வழக்கமான அப்டேட் நின்னு போச்சுங்க. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடுன்னு எல்லாப் பக்கமும் ஒரே கேள்விதான்: 11 போட்டா எது ஓடாது? பதில் எழுதறவங்க "சூப்பர்", "தண்டம்"னு முடிச்சுடாதீங்க. ப்ராசசர் என்ன, டிஸ்க் என்ன, எது நின்னுச்சு, என்ன பண்ணினதும் ஓடுச்சு, அதை எழுதுங்க. கட்டளை எல்லாம் இங்க தமிழ் எழுத்துல இருக்கும், அடிக்கறப்ப இங்கிலீஷ்ல அடிச்சுக்கோணும்.

ப்ராசசர்ல இருந்து ஆரம்பிக்கறேன். இன்டெல்ல 8-ம் தலைமுறையில இருந்துதான் அனுமதி. ஐ3-8100 பாஸ், ஐ7-7700 ஃபெயில். "ஐ7 வாங்கி வச்சிருக்கேன், அதுக்கா ஆகாது?"ன்னு சண்டைக்கு வர்றவங்க இன்னும் இருக்காங்க. பேருல இருக்கற 7 இல்லீங்க, பின்னால வர்ற நம்பர்தான் கணக்கு. ஏ.எம்.டி-ல ரைசன் 5 2600 பாஸ். ஆனா 2200ஜி, 2400ஜி ரெண்டும் 2000 வரிசைன்னு பேரு வச்சிருந்தாலும் உள்ள முதல் தலைமுறை சரக்கு, பட்டியல்ல இல்லை. 3200ஜி இருக்கு. செகண்ட்ஹேண்ட் வாங்கறவங்க இந்த ஒரு எடத்துலதான் அதிகமா ஏமாறறாங்க.

டி.பி.எம் (விண்டோஸ் 11 கேக்கற பாதுகாப்புச் சிப்) இல்லைன்னு காட்டினா உடனே சிப் வாங்க ஓட வேண்டாமுங்க. ப்ராசசர் பாஸ்னா டி.பி.எம் 2.0 பெரும்பாலும் உள்ளயே இருக்கும், பயாஸ்ல (கணினி ஆன் ஆகறப்ப விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங்) அணைச்சு வச்சிருப்பாங்க. இன்டெல் போர்டுல அதுக்குப் பேரு பி.டி.டி, ஏ.எம்.டி-ல எஃப்.டி.பி.எம். அதை ஆன் பண்ணி, விண்டோஸ்ல ரன் திறந்து டி.பி.எம் டாட் எம்.எஸ்.சி அடிச்சா கீழ ஸ்பெசிஃபிகேஷன் வெர்ஷன் 2.0-ன்னு வரோணும்.

பீளமேடு அசெம்பிளி:
டி.பி.எம்-ஐ விட பெரிய ரோதனை பார்ட்டிஷன். நம்ம பக்கம் அசெம்பிள் பண்ணின பழைய சிஸ்டம் முக்கால்வாசி லெகஸிங்கற பழைய பூட் முறையில, எம்.பி.ஆர்ங்கற பழைய பார்ட்டிஷன் முறை டிஸ்க்குல போட்டது. எம்.எஸ்.இன்ஃபோ32 திறந்து பயாஸ் மோட் பாருங்க. லெகஸின்னு இருந்தா முதல்ல டிஸ்க்கை ஜி.பி.டி-ங்கற புது பார்ட்டிஷன் முறைக்கு மாத்தோணும். அதுக்கு விண்டோஸ் கூடவே வர்ற எம்.பி.ஆர்2ஜி.பி.டி இருக்கு, டேட்டா அழியாது. அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் ப்ராம்ப்ட்ல முதல்ல எம்.பி.ஆர்2ஜி.பி.டி /வேலிடேட் /அலோஃபுல்ஓஎஸ், அது சரின்னு சொன்னப்புறம்தான் எம்.பி.ஆர்2ஜி.பி.டி /கன்வர்ட் /அலோஃபுல்ஓஎஸ்.

வேலிடேட்லயே ஃபெயில் ஆகுதா? காரணம் பத்துக்கு எட்டு இதுதான்: சி, டி, இ-ன்னு மூணு டிரைவ் போட்டு, டி-யும் இ-யும் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள்ள லாஜிக்கலா இருக்கும். இந்தக் கருவி ப்ரைமரியை மட்டும்தான் ஏத்துக்கும், அதுவும் மூணுக்கு மேல கூடாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல பாத்தா லாஜிக்கல் டிரைவைச் சுத்திப் பச்சைக் கட்டம் இருக்கும், அதை வச்சுக் கண்டுபிடிச்சுக்கலாம். டி, இ டேட்டாவை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு ஏத்துங்க, நாலு ஃபைலைத் திறந்து பாருங்க, அப்புறம் லாஜிக்கலை அழிச்சு, எக்ஸ்டெண்டடையும் அழிச்சு, கன்வர்ட் பண்ணுங்க. முடிஞ்சதும் புதுசா டி போட்டுக்கலாம்.

கன்வர்ட் ஆனதும் பயாஸ்ல சி.எஸ்.எம்-ஐ (லெகஸி முறையில பூட் பண்ண விடற வசதி) அணைக்கோணும். வரிசை முக்கியமுங்க. டிஸ்க் எம்.பி.ஆர்-ஆ இருக்கறப்பவே சி.எஸ்.எம்-ஐ அணைச்சா பூட் ஆகாது, "டிஸ்க் போயிருச்சு"ன்னு பதறிப்போயி கடைக்குத் தூக்கிட்டு வருவாங்க. திருப்பி ஆன் பண்ணினாப் போதும்.

இன்னொண்ணு. ரொம்பப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு சொருகியிருந்தா சி.எஸ்.எம் அணைச்சதும் திரையே வராது. அந்தக் கார்டுல யூ.இ.எஃப்.ஐ-க்கான (லெகஸிக்குப் பதிலா வந்த புது பூட் முறை) ஃபர்ம்வேர் இருக்காது. கார்டைக் கழட்டிட்டு மதர்போர்டுல இருக்கற வீடியோ போர்ட்ல மானிட்டரை மாட்டுங்க. அப்பவும் வரலைன்னா பவர் ஒயரைப் பிடுங்கிட்டு, காசு மாதிரி இருக்கற சிமாஸ் பேட்டரியை சித்த நேரம் கழட்டி வச்சுப் போட்டா பயாஸ் பழைய நிலைக்கு வந்துரும்.

காந்திபுரம் சர்வீஸ்:
ஒரு சின்னத் திருத்தம். செக்யூர் பூட் (நம்பகமான பூட் ஃபைலை மட்டும் விடற பயாஸ் வசதி) "ஆன்"ல இருந்தே ஆகோணும்னு பலபேர் சொல்றாங்க. அந்த வசதி இருக்கற போர்டா இருந்தாப் போதும், ஆன் பண்றது கட்டாயமில்லை.

மஞ்சமண்டி:
ஈரோட்டுப் பக்கம் மண்டி, நூல் கடை, எண்ணெய்க் கடை வச்சிருக்கவங்க கவனமாப் படிங்க. டாஸ்ல எழுதின ஃபாக்ஸ்ப்ரோ, கிளிப்பர் பில்லிங் இன்னும் நெறையா எடத்துல ஓடுது. விண்டோஸ் 11-ல 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் விண்டோஸ்ல 16 பிட் ப்ரோக்ராம் திறக்கவே திறக்காது. கம்பாட்டிபிலிட்டி மோட் எல்லாம் போட்டுப் பாத்து நேரத்தை வீணாக்காதீங்க.

வழி இருக்கு, விடாஸ்னு டாஸ் ப்ரோக்ராமை விண்டோஸுக்குள்ள ஓட்டற மென்பொருள். வியாபார ப்ரோக்ராம் ஓட்டறதுக்குன்னே எழுதினது, எஃப் டிரைவ், ஜி டிரைவ் எல்லாம் அப்படியே கொடுக்கலாம், எல்.பி.டி1-க்கு (பழைய பேரலல் பிரிண்டர் போர்ட்டோட பேரு) எந்தப் பிரிண்டர்ங்கறதையும் கான்ஃபிக் ஃபைல்ல சொல்லிடலாம். சாதா டாஸ்பாக்ஸ் கேம் ஆடறதுக்கு வந்தது. ஒத்தைக் கணினின்னா அதுலயும் ஓடும். ஆனா பில் போடறவர் ஒரு பக்கம், எடை ஏத்தறவர் ஒரு பக்கம்னு ரெண்டு கணினியில ஒரே ஃபைலைத் திறந்தா ரெக்கார்டு லாக் ஒழுங்கா நிக்காது, இன்டெக்ஸ் கெட்டு மூட்டைக் கணக்கு தாறுமாறா வரும். எது போட்டாலும் முதல் ஒரு வாரம் பழைய கணினியிலயும் சேர்த்து பில் போட்டு, ராத்திரி மொத்தத் தொகையை ஒப்பிட்டுப் பாத்துருங்க.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்: புது மதர்போர்டுல பேரலல் போர்ட் இருக்காது. யூ.எஸ்.பி-பேரலல் கேபிள் போட்டா அது யூ.எஸ்.பி001-ன்னு வரும், எல்.பி.டி1-ன்னு வராது. எல்.பி.டி1-க்கே நேரா அடிக்கற பழைய பில்லிங்னா பிரிண்டரை ஷேர் பண்ணி (ஷேர் பேருல எடைவெளி விடாதீங்க) நெட் யூஸ் எல்.பி.டி1: \\கணினிபேர்\ஷேர்பேர் /பெர்சிஸ்டன்ட்:யெஸ் அடிக்கோணும். இதைச் சாதா கமாண்ட் ப்ராம்ப்ட்ல அடிங்க. ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்து அடிச்சா அந்த மேப்பிங் அட்மின் பக்கத்துக்கு மட்டும்தான் தெரியும், உங்க பில்லிங்குக்குத் தெரியாது. எல்லாம் சரியா அடிச்சும் பிரிண்ட் வரலைன்னு பல பேர் மாட்டற எடம் இது.

பில் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வரி கீழ நகந்துட்டே போகுதுன்னா பேப்பர் அளவு ஏ4-க்கு மாறியிருக்கும். செட்டிங்ஸ்ல பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தோட அடியில பிரிண்ட் சர்வர் ப்ராபர்ட்டீஸ் இருக்கு. அதுல புது ஃபாரம் போட்டு 10 இஞ்ச் அகலம், 6 இஞ்ச் உயரம் (முழு ஷீட்டுன்னா 12) கொடுத்து, பிரிண்டிங் ப்ரிஃபரன்ஸஸ்ல அதையே தேர்ந்தெடுங்க.

கேள்வி மட்டும்:
ஏனுங்க, விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ?

மஞ்சமண்டி:
அது 32 பிட், ஒண்ணும் ஆகாதுங்க. ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்குள்ள டேட்டா ஃபைலை வச்சிருந்தா மட்டும் வெளிய எடுத்து டி டிரைவ்ல வச்சுக்கோங்க, அங்க எழுத அனுமதி தராது.

ஊசிநூல்:
திருப்பூர் எம்ப்ராய்டரி, பேட்டர்ன் சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு: சாஃப்ட்வேர் ஓடும், டாங்கிள்தான் (லைசென்ஸுக்காக யூ.எஸ்.பி-ல சொருகற கீ) படுத்தும். 10-ல ஓடிட்டிருந்த பழைய ஹாஸ்ப் (டாங்கிள் வகை) டிரைவர் 11-ல "கீ நாட் ஃபவுண்ட்" காட்டும். விண்டோஸ் செக்யூரிட்டி, டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் போயி மெமரி இன்டக்ரிட்டியைப் பாருங்க. பொருந்தாத டிரைவர் எதுன்னு பேரோட சொல்லும். புதுசா ஃபார்மேட் பண்ணிப் போட்ட சிஸ்டத்துல இது பெரும்பாலும் ஆன்லயே இருக்கும். அதை அணைச்சுட்டு ஓட்டறவங்க இருக்காங்க. அது பூட்டைக் கழட்டிட்டுக் கதவைச் சாத்தற மாதிரி, வேண்டாம்.

சரியான வழி: டாங்கிளைப் பிடுங்கிருங்க. ஹாஸ்ப்டிஇன்ஸ்ட் -பர்ஜ் கொடுத்துப் பழசைச் சுத்தமா நீக்கி, ரீஸ்டார்ட் பண்ணி, சென்டினலோட (ஹாஸ்ப் இப்ப இந்தப் பேருல வருது) புது ரன்டைமைப் போட்டு, அப்புறம் டாங்கிளைச் சொருகுங்க. பிரவுசர்ல லோக்கல்ஹோஸ்ட்:1947 திறந்தா கீ பட்டியல்ல வரோணும். அங்க வந்துட்டு சாஃப்ட்வேர்ல வரலைன்னா சாஃப்ட்வேர் பதிப்பு பழசுன்னு அர்த்தம். அங்கயே வரலைன்னா கோளாறு டிரைவர்ல, இல்லாட்டி யூ.எஸ்.பி போர்ட்ல. ஹப்புல மாட்டாம சி.பி.யூ-வுக்குப் பின்னால மாட்டிப் பாருங்க.

ஆடிட்டர் ஆபீஸ்:
டேலி பிரைமில் பிரச்சினை இல்லை. ஃபார்மேட் செய்து புதிதாகப் போடுவதாக இருந்தால் முன்கூட்டியே லைசென்ஸை சரண்டர் செய்துவிடவும். மறந்துவிட்டுப் பிறகு அலைபவர்களே அதிகம்.

அலுவலகங்களில் உண்மையில் நிற்பது ஷேர் ஃபோல்டர். விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பில், ப்ரோ எடிஷனில், பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் முறை மூடப்பட்டிருக்கிறது. டேலி டேட்டா இருக்கும் கணினியை மற்றவர்கள் திறந்தால், கெஸ்ட் அணுகலை உங்கள் நிறுவனப் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது என்று செய்தி வரும். மூன்று பேர் வேலை செய்யும் ஆபீஸில் அப்படி எந்தக் கொள்கையும் கிடையாது, பயப்பட வேண்டாம். டேட்டா இருக்கும் கணினியில் ஒரு லோக்கல் யூசரை உருவாக்கி, பாஸ்வேர்டு வைத்து, ஃபோல்டர் ஷேரில் அந்தப் பெயருக்கு அனுமதி கொடுக்கவும். பாஸ்வேர்டைக் காலியாக விட்டால் நெட்வொர்க் வழியே உள்ளே விடாது. மற்ற கணினிகளில் கிரெடென்ஷியல் மேனேஜர் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியலில் கணினிப் பெயர், யூசர், பாஸ்வேர்டு மூன்றையும் ஏற்றினால் அடுத்த முறை கேட்காது. கெஸ்ட்டைத் திரும்பத் திறந்துவிடும் பாலிசி மாற்றம் வீடியோக்களில் சுற்றுகிறது. ஒரு கணினியில் ரான்சம்வேர் புகுந்தால் டேலி டேட்டா முழுவதும் போவது அந்த வழியாகத்தான்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்: டோக்கனைச் சொருகாமல் அதன் டிரைவரை நிறுவி, ரீஸ்டார்ட் செய்து, பிறகு சொருகவும். ஜி.எஸ்.டி தளத்தில் எம்சைனர் (டிஜிட்டல் கையெழுத்துப் போடும் மென்பொருள்) இணைப்பு கிடைக்கவில்லை என்றால், பிரவுசரில் 127.0.0.1:1585 முகவரியை ஹெச்.டி.டி.பி.எஸ் போட்டுத் திறந்து, எச்சரிக்கையைத் தாண்டி ஒருமுறை அனுமதி கொடுக்கவும். 20-ம் தேதி ஜி.எஸ்.டி 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள், 18-ம் தேதி விண்டோஸ் மாற்றுவது யாருக்கும் வேண்டாத வேலை.

கொப்பரை:
காங்கேயம். 4 ஜி.பி ரேம், சாதா ஹார்ட் டிஸ்க். 11 ஏறும், ஆனா டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100-லயே நிக்கும். 8 ஜி.பி ரேமும் 256 ஜி.பி எஸ்.எஸ்.டி-யும் போட்டா ஆளே மாறிரும். ரெண்டுல ஒண்ணுக்குத்தான் காசுன்னா எஸ்.எஸ்.டி. மாசாந்திர கரண்ட் ஷட்டவுன் தேதியைப் பாத்துட்டு ஆரம்பிங்க. ஹார்ட் டிஸ்க்குல மூணு மணி நேரத்துக்கு மேல இழுக்கும், யூ.பி.எஸ் அவ்வளவு தாங்காது.

பீளமேடு அசெம்பிளி:
பிட்லாக்கரை (டிஸ்க்கை என்கிரிப்ட் பண்ணிப் பூட்டற வசதி) யாரும் சொல்லலையே. 24ஹெச்2 புதுசாப் போட்டு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல உள்ள போனா, டிஸ்க் தானா என்கிரிப்ட் ஆகிரும். அப்புறம் பயாஸ் அப்டேட் பண்ணினா, டி.பி.எம்-ஐ க்ளியர் பண்ணினா, 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். கீ அந்த அக்கவுண்ட்லதான் இருக்கும். போட்டுக் கொடுத்த பையனோட ஈமெயில்ல கணக்கு திறந்திருந்தா கீயும் அவன்கிட்டத்தான். கீயைப் பேப்பர்ல எழுதி பீரோவுல வைங்க. பயாஸ்ல கை வைக்கறதுக்கு முன்னாடி மேனேஜ்-பிடிஇ -ப்ரொடெக்டர்ஸ் -டிஸேபிள் சி: கொடுத்து நிறுத்தி வச்சுக்கோங்க.

10-லயே இருக்கேன்:
மாத்த முடியாத மிஷினுக்கு: வீட்டுக் கணினின்னா இ.எஸ்.யூ-ல (விண்டோஸ் 10-க்கான நீட்டிச்ச பாதுகாப்பு அப்டேட் திட்டம்) சேந்தா 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும். 22ஹெச்2 பதிப்பும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டும் இருக்கோணும். செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் பண்ணினா காசில்லாமலே சேந்துக்கலாம். கம்பெனிக்கு வேற கணக்கு: முதல் வருஷம் ஒரு கணினிக்கு 61 டாலர், அடுத்த வருஷம் இரட்டிப்பு, அதுக்கடுத்தது அதுக்கும் இரட்டிப்பு. மூணு வருஷம் கட்டற காசுக்கு 8-ம் தலைமுறை செகண்ட்ஹேண்ட் சிஸ்டமே கிடைச்சுரும்.

ரூஃபஸ்ல (பூட் பென்டிரைவ் தயார் பண்ற மென்பொருள்) தடையை நீக்கி 11-ஐ ஏத்தறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. மாசாமாசம் வர்ற அப்டேட் பொதுவா வந்துட்டிருக்கு, ஆனா அடுத்த பெரிய பதிப்பு தானா வராது, ஒவ்வொரு தடவையும் பென்டிரைவ்தான். கோர் 2 டுயோ-ல அதுவும் நடக்காது. 24ஹெச்2 கேக்கற கட்டளைத் தொகுதி அந்த ப்ராசசர்ல இல்லை, பூட்டே ஆகாது. பசங்களுக்கு அரசு முன்னாடி கொடுத்த பழைய விலையில்லா லேப்டாப் பெரும்பாலானதும் பட்டியல்ல வராது. படிக்க, டைப் அடிக்க மட்டும்னா லினக்ஸ் மின்ட் போட்டுருங்க.

கேள்வி மட்டும்:
ஏத்தியாச்சுங்க, டிசைன் சாஃப்ட்வேர் வரலை. 10-க்குத் திரும்ப முடியுமா?

காந்திபுரம் சர்வீஸ்:
ஃபார்மேட் பண்ணாம மேலயே ஏத்தியிருந்தா 10 நாளைக்குள்ள முடியும். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி, கோ பேக். நாள் பத்தாதுன்னா அந்த 10 நாளைக்குள்ளயே அட்மின் ப்ராம்ப்ட்ல டிஸ்ம் /ஆன்லைன் /செட்-ஓஎஸ்அன்இன்ஸ்டால்விண்டோ /வேல்யூ:60 அடிச்சு 60 நாளாக்கிக்கலாம். சி டிரைவ்ல எடமில்லைன்னு விண்டோஸ் டாட் ஓல்டை (பழைய விண்டோஸ் இருக்கற ஃபோல்டர்) அழிச்சுட்டீங்கன்னா அந்த பட்டனே வேலை செய்யாது. அழிச்சுட்டீங்களா, இன்னும் இருக்கா? முதல்ல அதைப் பாத்துச் சொல்லுங்க.