ஞாயிறு வேனுக்கு எத்தனை பேர்

குழு: அப்பத்தா வீடு
வெள்ளிக்கிழமை, மாலை 6:02

சரோஜா: ஞாயிறு கோயிலுக்கு வேன் பேசியாச்சு. 17 சீட்டு. காலை 5 மணிக்குக் கிளம்பியே ஆக வேண்டும். யார் யார் வருகிறீர்கள் என்று இன்றே சொல்லுங்கள். போன தடவை மாதிரி வாசலில் 22 பேர் நின்றால் நான் பொறுப்பில்லை.

தங்கவேல்: 2

சரோஜா: நீங்களும் நானும்தானே. பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

செல்வம்: எங்கள் வீட்டில் 4

பிரவீன்: 5 அப்பா. நானும் வருகிறேன்

கோமதி: நாங்கள் மூன்று பேர், அத்தையோடு நான்கு. அத்தைக்கு முன்சீட்டு வேண்டும் சரோஜா. முழங்கால் மடங்கவில்லை.

கார்த்தி: அம்மா என்னைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நான் வண்டியில் வருகிறேன்

கோமதி: எந்த வண்டி

கார்த்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பிரவீன்: லேட்டு அண்ணே 😂

சரோஜா: எந்த வண்டிடா? ஓசூரில் உனக்கு ஏது வண்டி?

பிரவீன்: (படம்)

பிரவீன்: என்றைக்கு இருந்தாலும் தெரியப்போகிறதுதானே

கார்த்தி: டேய்

யாழினி: மஞ்சள்!!!

செல்வம்: ஆட்டோ பெயின்ட் மிச்சம் இருந்ததா மாப்பிள்ளை

கோமதி: எப்போது வாங்கினாய்

கார்த்தி: போன வியாழன் அம்மா. நேரில் வந்து சொல்லலாம் என்று இருந்தேன். டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 310 பைக்.

தங்கவேல்: மைலேஜ்?

கோமதி: திவ்யா கல்யாணத்துக்கு வைத்த நகை இன்னும் பேங்கில் இருக்கிறது கார்த்தி

திவ்யா: அம்மா, என் நகையை இதில் இழுக்காதீர்கள். மாசாமாசம் பாதி வட்டி அவன்தான் கட்டுகிறான்.

கார்த்தி: அம்மா ஒரு நிமிடம் கேளுங்கள். ரெண்டு வருஷமாகச் சேர்த்த பணம். மிச்சத்துக்கு மட்டும் லோன். 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி வரியை மாற்றினார்கள், ஞாபகம் இருக்கிறதா? 350 சிசி வரைக்கும் 28 சதவீதம் இருந்தது 18 ஆனது. அதற்கு மேலே போனால் 40. நான் முதலில் ஆசைப்பட்டது டியூக் 390. அது 350-ஐத் தாண்டிய வண்டி. இது 312. அதனால்தான் இதற்கு வந்தேன். லைஃப் டாக்ஸ் 12 சதவீதம், 5 வருஷ இன்சூரன்ஸ், எல்லாம் சேர்த்து மூன்றைத் தொட்டது.

செல்வம்: மூன்று லட்சம் செலவு செய்து வரியை மிச்சம் பிடித்திருக்கிறான் 👏

கோமதி: உன் அப்பா பார்த்துவிட்டார். ஒன்றும் பேசவில்லை. டிவி சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறார்.

சரோஜா: முருகேசண்ணன் பேசவில்லை என்றால் எனக்கு ஆச்சரியமில்லை. சாமுராய் வண்டி கேட்டு ஐயாவோடு நான்கு மாதம் பேசாமல் இருந்த ஆள்.

செல்வம்: அக்கா அதை ஏன் இப்போது

சரோஜா: ஏன், நடக்கவில்லையா? சோறு மட்டும் வந்து தின்றுவிட்டுப் போவார்.

பிரவீன்: அண்ணே அதை விடுங்கள். ஓட்ட எப்படி இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்

கார்த்தி: சொல்கிறேன். நேற்றோடு 480 கிலோமீட்டர் ஆகிறது. முதலில், உட்கார்ந்ததும் முன்னால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். நேக்கட் வண்டி இல்லையா, காற்றைத் தடுக்கிற முன்கண்ணாடி கிடையாது, பக்கவாட்டு மூடி கிடையாது. ஹேண்டில்பார் நல்ல அகலம், முழங்கை விரிந்துதான் இருக்கும். கால்மிதி கொஞ்சம் பின்னால். உட்காரும் உயரம் 800 மில்லிமீட்டர், எனக்கு ரெண்டு பாதமும் ஊன்றுகிறது. முதல் நாள் ஷோரூம் வாசலிலிருந்து இறக்கும்போது முன்சக்கரம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தலையைக் குனிந்து பார்த்தேன்.

சரோஜா: நேக்கட் என்றால் என்ன

திவ்யா: அத்தை வேண்டாம்

பிரவீன்: அம்மண வண்டி அத்தை

செல்வம்: பிரவீன்!

சரோஜா: கோயிலுக்கு அதைத்தான் கொண்டு வருகிறானா?

தங்கவேல்: மைலேஜ்

கார்த்தி: சொல்கிறேன் மாமா. எஞ்சின்தான் விசேஷம். சிலிண்டரைப் பின்பக்கமாகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். காற்று முன்னாலிருந்து உள்ளே போகிறது, புகை பின்னால் வெளியேறுகிறது. வழக்கமான வண்டிக்கு இது அப்படியே தலைகீழ். 35.6 பிஎஸ் பவர். ஆனால் அது வருவது 9700 ஆர்பிஎம்மில். ரன்னிங் இன், அதாவது புது எஞ்சினை மெதுவாக ஓட்டிப் பழக்குவது, இன்னும் முடியாததால் அதுவரை நான் முறுக்கவே இல்லை. அப்படியும் மூன்றாவது கியரில் அழுத்தினால் பின்னால் யாரோ தள்ளிவிடுகிற மாதிரி இருக்கிறது. மெதுவாகப் போகும்போது கியரைக் குறைக்காவிட்டால் கொஞ்சம் உலுக்கும். ஒற்றை சிலிண்டர், அப்படித்தான். அப்புறம் குயிக் ஷிஃப்டர். ஏற்ற இறக்க ரெண்டுக்கும் கிளட்ச் பிடிக்க வேண்டாம், காலை மட்டும் தட்டினால் போதும். பழக்கதோஷத்தில் இரண்டு நாள் கை தானாகப் போய்ப் பிடித்தது. ஊருக்குள் ஊர்ந்து போகும்போது கிளட்ச் பிடிப்பதுதான் சுகம்.

கோமதி: சாப்பிட்டாயா

கார்த்தி: சாப்பிட்டேன் அம்மா

கார்த்தி: ஞாயிறு காலை தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டிக்குப் போனேன். காட்டு ரோடு, வளைவு மேல் வளைவு. அங்கேதான் வண்டியே புரிந்தது. 169 கிலோ என்று தள்ளும்போது தெரிகிறது, வளைவில் தெரியவில்லை. பார்வை எங்கே போகிறதோ அங்கே போகிறது. அதுதான் பயமும். ஒரு வளைவில் பள்ளத்தைப் பார்த்தேன், நேராக அதை நோக்கியே போனது. அப்புறம் பார்வையை ரோடு முடிகிற இடத்தில் வைத்தேன், திரும்பிக்கொண்டது.

கோமதி: யானை வருகிற ரோடு அது. என்ன பள்ளம்?

திவ்யா: உனக்கு வாயே எதிரி

கார்த்தி: சின்னப் பள்ளம் அம்மா

கார்த்தி: கிருஷ்ணகிரி ஹைவேயிலும் ஓட்டிப் பார்த்தேன். 80 வரை ஒன்றுமில்லை. 100-க்குப் பக்கம் வந்தால் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். ஹெல்மெட் மேலே தூக்கும். இரண்டு மணி நேரம் அப்படி வந்தால் கழுத்து வலிக்கும். க்ரூஸ் கன்ட்ரோல் இருக்கிறது, ஆனால் நம் ரோட்டில் எங்கே போடுவது? சிக்னலில் நின்றால் ஃபேன் ஓடித் தொடையில் சூடு அடிக்கும், லிக்விட் கூல் வண்டி எதுவும் அப்படித்தான். காசு கொடுத்தால் சூடும் குளிர்ச்சியும் வைத்துக்கொள்கிற சீட்டுகூட வாங்கலாம். நான் போடவில்லை.

சரோஜா: குளிர்ச்சி சீட்டா? அது வேனுக்குக் கிடைக்குமா, அம்மாவுக்கு

தங்கவேல்: மைலேஜ் கேட்டேன்

கார்த்தி: 31 மாமா. டேங்க் 11 லிட்டர்.

தங்கவேல்: ஓசூர் திண்டுக்கல் 300-க்கு மேல். ஒரு டேங்கில் வந்து பார்க்கலாம் என்று நினைக்காதே. சேலத்தில் நிரப்பு.

கோமதி: யாரும் எங்கேயும் நிரப்ப வேண்டாம். பஸ்ஸில் வா.

தங்கவேல்: மச்சான் எங்கே? அவர் சொல்லட்டும். கார்த்தி, தர்மபுரி தாண்டித் தொப்பூர் இறக்கம் இருக்கிறதே, அதை ராத்திரியில் இறங்காதே. 26 வருஷம் அந்த ரோட்டில் லாரி ஓட்டியவன் சொல்கிறேன். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டுவிடுவான்கள். அப்புறம் பிரேக் சூடாகிப் பிடிக்காது. பின்னால் வருகிறவன் நிற்பான் என்று நம்பாதே. இடது ஓரம், இரண்டாவது அல்லது மூன்றாவது கியர், எஞ்சினிலேயே இறங்கு. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இரு.

பிரவீன்: மாமா இவ்வளவு நீளம் டைப் பண்ணி இன்றைக்குத்தான் பார்க்கிறேன்

யாழினி: அப்பத்தா பேச வேண்டுமாம். நான் டைப் பண்ணுகிறேன்

யாழினி: "உங்க ஐயாவும் அப்படித்தான் செய்வார். டிவிஎஸ் 50-இல் மூன்று வாழைத்தாரைக் கட்டிக்கொண்டு சிறுமலையிலிருந்து இறங்கும்போது எஞ்சினை அணைத்துவிடுவார். பெட்ரோல் மிச்சமாம். 18 கொண்டை ஊசி வளைவும் சத்தமே இல்லாமல் வருவார். நான் வாசலில் நின்று சத்தத்துக்குக் காத்திருப்பேன், சத்தம் வராது, ஆள் வந்து நிற்பார்"

திவ்யா: ❤️

கார்த்தி: அப்பத்தாவிடம் சொல் யாழினி, அந்த டிவிஎஸ் 50-உம் இதே ஓசூரில் செய்ததுதான். 1980-இலிருந்து. 49 சிசி.

யாழினி: "அந்த வண்டி இப்போது எங்கே" என்று கேட்கிறார்கள்

சரோஜா: செல்வத்தைக் கேளு

செல்வம்: அக்கா

சரோஜா: பழைய இரும்புக்காரனிடம் 1800 ரூபாய்க்குப் போட்டான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. வருஷத் திதிகூட முடியவில்லை அப்போது.

செல்வம்: கார்புரேட்டர் இல்லை, பெடல் இல்லை, மாட்டுக்கொட்டகையில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. அதை வைத்து என்ன செய்வது? அந்த 1800-ஐ அம்மா கையில்தான் கொடுத்தேன்.

யாழினி: அப்பத்தா "கொடுத்தான், கொடுத்தான்" என்கிறார்கள்

சரோஜா: அம்மா எப்போதும் அவன் பக்கம்தான்

தங்கவேல்: வேன் விஷயம் என்ன ஆச்சு

கோமதி: பூஜை போடாமலா ஒரு வாரமாக ஓட்டிக்கொண்டிருக்கிறாய்?

கார்த்தி: ஷோரூமிலேயே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள் அம்மா. கோட்டை மாரியம்மன் கோயிலில் ஒரு தடவை போட்டுவிடலாம் என்றுதான் கொண்டு வருகிறேன்

சரோஜா: குலதெய்வத்துக்கு முதலில் போடாமல் மாரியம்மனுக்கா? ஞாயிறு நம் கோயிலில் வைத்தே போடலாம். பூசாரியிடம் சொல்கிறேன். மாலை நீ வாங்கி வா. மஞ்சள் வண்டிக்குச் சிவப்பு மாலை எடுப்பாக இருக்கும்.

கோமதி: அப்போது வருகிறான் என்றே முடிவு செய்துவிட்டீர்கள்

திவ்யா: அம்மா, கோயிலிலிருந்து நீங்கள்தான் பின்னால் உட்காரப்போகிறீர்கள்

கோமதி: அதில் எங்கே உட்காருவது? படத்தில் பின்சீட்டே தெரியவில்லை

கார்த்தி: இருக்கிறது அம்மா. சின்னது, உயரம். ஒருபக்கமாக உட்கார முடியாது, ரெண்டு பக்கமும் கால் போட்டுத்தான். சாரி கார்டு மாட்டியிருக்கிறார்கள்.

செல்வம்: கோயில் மேட்டு ரோட்டில் மதினியை ஏற்றிக்கொண்டு குயிக் ஷிஃப்டர் போடுவானாம்

பிரவீன்: அண்ணே எனக்கு ஒரு ரவுண்டு

செல்வம்: உனக்கு லைசென்ஸ் வரட்டும்

கார்த்தி: நாளைக் காலை 5:30-க்குக் கிளம்பினால் தொப்பூர் வெளிச்சத்தில் வந்துவிடும். 80-க்கு மேல் போக மாட்டேன். மணிக்கு ஒரு தடவை நிறுத்துவேன். சரியா அம்மா?

கோமதி: என்னைக் கேட்காதே

இரவு 9:47

முருகேசன்: நம்பர் என்ன

கார்த்தி: இன்னும் பிளேட் வரவில்லை அப்பா. டிஎன் 70 தான்.

முருகேசன்: காற்று பார்த்தாயா

கார்த்தி: பார்த்தேன் அப்பா

முருகேசன்: காலையில் டயர் சூடாவதற்கு முன்னால் இன்னொரு தடவை பார். தொப்பூர் இறங்கியதும் போன் போடு. அம்மாவுக்கு வேண்டாம், எனக்குப் போடு.

கார்த்தி: சரி அப்பா

சரோஜா: அண்ணே, அவன் ஞாயிறு வேனிலா வண்டியிலா? எனக்கு எண்ணிக்கை வேண்டும்

முருகேசன்: முதலில் வந்து சேரட்டும்

சரோஜா: அப்போது 11-ஆ 10-ஆ? மற்ற வீட்டிலிருந்து ஒருத்தரும் பதிலே போடவில்லை

தங்கவேல்: 2

செல்வம்: நாங்கள் 4

பிரவீன்: 5 அப்பா