புதுப்பிப்பு: எக்கோவைக் கரை சேர்த்துவிட்டேன்

சேகா மெகா டிரைவ் என்ற வீடியோ கேம் கருவியில் 1992-ல் வந்த 'எக்கோ த டால்ஃபின்' விளையாட்டைத் திரும்ப எடுத்தேன், 'வெல்கம் டு த மெஷின்' கட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன். நேற்று ராத்திரி முடித்துவிட்டேன்!

அந்தக் கட்டத்தில் திரை தானாகவே நகரும், திடீரென்று திசை மாறும். சுவருக்கும் திரை ஓரத்துக்கும் நடுவில் சிக்கினால், எவ்வளவு உயிர் மிச்சம் இருந்தாலும் நசுங்கிப் போவோம். எதிரிகளைத் துரத்துவதை விட்டேன். ஒவ்வொரு திருப்பத்தையும் தாளில் அம்புக்குறி போட்டுக் குறித்துக்கொண்டு, கூடியவரை திரையின் நடுவிலேயே நீந்தினேன். அதுதான் கைகொடுத்தது.

கடைசி எதிரியான வோர்டெக்ஸ் ராணியிடம் முதல் தடவை தோற்றபோது மறுபடி அதே கட்டத்துக்குத் தூக்கிப் போட்டுவிட்டது. மனசு விட்டுப்போச்சு. ஆனால் இரண்டாம் முறை கை தானாகவே வழி கண்டுபிடித்தது.

விளையாட்டை வாடகைக்கு எடுக்கும் பிள்ளைகள் ஒரு வார இறுதியிலேயே முடித்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் இவ்வளவு கடினமாக்கியதாக, இதை வடிவமைத்த எட் அனுன்சியாட்டாவே சொல்லியிருக்கிறார். அப்படியும் எனக்கு மிகவும் பிடித்தவை ஆரம்பக் குகைகள்தான். எக்கோவுக்கு மிச்சமிருக்கும் மூச்சைக் காட்டும் கோடு குறைந்துகொண்டே வரும். ஒலி அனுப்பி எதிரொலியால் வழி அறியும் சோனார் பொத்தானை அழுத்திப் பிடித்தால் பாறைகளின் வரைபடம் விரியும். மேலே ஒரு சின்னக் காற்றுப்பை தெரியும். அங்கே மூக்கை நீட்டும் அந்த நொடியில் நானும் சேர்ந்து மூச்சு விடுகிறேன், இன்றைக்கும்.

அடுத்து, 1994-ல் வந்த இரண்டாம் பாகம்.