பரீட்சை எழுத ஆள் வேண்டும் என்கிறார்கள், எங்களால் முடியுமா?

வணக்கம். சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். போன வருடம் அலுவலகத்திலிருந்து ஒரு விடுதிக்குப் போய்ச் சாப்பாடு போட்டோம். பார்வையற்ற கல்லூரி மாணவி ஒருவர் சொன்னது மனதிலேயே நிற்கிறது: "சாப்பாடு கிடைச்சிடுதுண்ணா, பரீட்சை எழுதத்தான் ஆள் கிடைக்கல."

இந்த முறை ஸ்கிரைபாக (தேர்வர் சொல்லச் சொல்ல விடை எழுதுபவராக) போக 20 பேர் தயார். ஆனால் தேர்வர் அழைத்துவரும் ஸ்கிரைபின் படிப்பு அவரைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றது மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல். நாங்கள் எல்லோரும் பட்டதாரிகள். கல்லூரித் தேர்வுகளில் இப்போது என்ன நடைமுறை? ஸ்கிரைபாகப் போனவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம்தான், திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருள் அதை அப்படியே வாசிக்காது. தமிழ்ப் பாடங்களை யூனிகோடில் தட்டச்சு செய்து தரவும் ஆசை. எந்தப் பாடம் அவசரம்? மாணவர்களே சொன்னால் இன்னும் நல்லது.