சர்ச்சுக்கு முதன்முதலா வர்றவங்களுக்கு என்ன ஏற்பாடு செய்யலாம்?

தக்கலை சபையான்:
எங்க சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்கு, கிறிஸ்தவப் பழக்கமே தெரியாத குடும்பங்கள் அப்பப்ப வர்றாங்க. ஒருதடவையோட சரி. வாசல்ல வரவேற்க ரெண்டு பேரை நிறுத்தலாம்னு கமிட்டியில பேச்சு. அது போதுமா? ஆராதனை முறையை மாத்த முடியாது.

கொயர் தம்பி:
முறையை மாத்த வேண்டாம் அண்ணே, அடுத்து என்ன நடக்கும்னு அவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும். ஏ4 தாளை ரெண்டா மடிச்சு அச்சடிங்க, எழுத்து பெருசா இருக்கட்டும். எங்க எழும்பணும், எங்க உக்காரணும், கர்த்தருடைய ஜெபம், விசுவாசப்பிரமாணம் (நம்ம நம்பிக்கையை அறிக்கையிடுறது) ரெண்டும் முழுசா. எல்லாரும் மனப்பாடமா சொல்லும்போது தான் மட்டும் வாயடைச்சு நிக்கிறதுதான் பெரிய சங்கடம். "காணிக்கை கட்டாயமில்லை"ன்னு ஒரு வரியும் போடுங்க.

"மத்தேயு 6:9"னா அவங்களுக்கு எடுக்கத் தெரியாது. ஒரே அச்சுல பத்து வேதாகமம் பின்வரிசையில வச்சு, வாசிக்கிறவர் பக்க எண்ணையும் சொல்லட்டும். அச்சு மாறினா பக்கம் மாறிடும். பாட்டுக்கும் ஞானப்பாட்டா கீர்த்தனையான்னு புத்தகத்தைச் சொல்லிட்டு எண்ணைச் சொல்லணும்.

நாகர்கோவில் அக்கா:
வாசல்ல என்ன கேக்கக்கூடாதுங்கறதைத்தான் முதல்ல பழக்கணும். "எந்த ஊரு, யாரு குடும்பம்?" நம்ம மாவட்டத்துல சாதாரண விசாரிப்பு; புதுசா வந்தவங்களுக்குச் சாதியைத் தோண்டுற மாதிரி படும். "வாங்க, செருப்பை இங்க விடலாம்" போதும். ஆண் பெண் தனித்தனியா இருக்கிற சபைன்னா, கடைசி ரெண்டு பெஞ்சைக் குடும்பமா இருக்க விட்டுடுங்க. பொட்டும் பூவுமா வர்ற பொண்ணை ஏற இறங்கப் பாக்காதீங்க, முக்காடு போடச் சொல்லாதீங்க. எழும்பிப் பேர் சொல்லச் சொல்றது, போட்டோ எடுத்து சபை வாட்ஸ்அப்ல போடுறது ரெண்டும் கூடவே கூடாது. வந்தது வீட்டுக்கே தெரியாம இருக்கலாம்.

தக்கலை சபையான்:
பின்பெஞ்சு யோசனை நல்லாருக்கு அக்கா. திருவிருந்து (அப்பமும் ரசமும் கொடுக்கிற) ஞாயிறு என்ன செய்ய?

மார்த்தாண்டம் பங்கு:
திருவிருந்துப் பந்திக்கு யார் வரலாம்னு போதகர் முன்னாடியே அறிவிக்கணும். மத்தவங்க இருந்த இடத்துலயே ஜெபிக்கலாம்னும் சேர்த்துச் சொல்லணும். பெஞ்சுல அவங்களைச் சுவரோரமா இருத்துங்க. நடைபாதை ஓரம் இருந்தா, உள்ள இருக்கிறவங்க எல்லாரும் அவங்க காலைத் தாண்டித்தான் போகணும், கூடவே எழும்பியும் போயிடுவாங்க. எங்க கத்தோலிக்கப் பூசையில அவங்க வரிசையோட வந்து அப்பத்துக்குக் கை நீட்டினா, எல்லார் முன்னாடியும் சாமியார் மறுக்க வேண்டியதாப் போகும். பக்கத்துல இருக்கிறவர் பூசைக்கு முன்னயே மெதுவாச் சொல்லிடணும்.

தாள் எங்களுக்கும் வேணும். எல்லாம் கத்தோலிக்கம்தான்னாலும் வழிபாட்டு முறை வேற வேற. 1996ல வந்த மார்த்தாண்டம் மறைமாவட்டம் சீரோ மலங்கரா, அதே வருசம் வந்த தக்கலை சீரோ மலபார், கோட்டாறும் குழித்துறையும் இலத்தீன். இலத்தீன்காரர் மலங்கரா குர்பானாவுக்கு (அவங்க பூசைக்கு) போனா அவரும் புது ஆளுதான்.