கும்பகோணத்தில் பழுதுபார்க்கக் கொடுத்த மடிக்கணினி: கோப்புகள் அழிந்ததற்கு யார் பொறுப்பு?

கேள்வி (வலங்கைமானிலிருந்து)

வணக்கம். நான் வீட்டிலிருந்தே திருமண அழைப்பிதழ் வடிவமைப்பும் தட்டச்சும் செய்து பிழைப்பவள். மடிக்கணினியின் திரையும் அதைத் தாங்கும் கீலும் உடைந்துவிட்டதால் கும்பகோணத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். மொத்தம் 6,500 ரூபாய் என்று பேசி, 2,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்துப் போனபோது திரை மாற்றப்பட்டிருந்தது. ஆனால் விண்டோஸைப் புதிதாக நிறுவியிருந்ததால், ஆறு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த கோப்புகளில் ஒன்றுகூட இல்லை. சார்ஜும் ஏறவில்லை. மதர்போர்டு போய்விட்டது, இன்னும் 7,800 ரூபாய் சேர்த்துக் கொடுத்தால்தான் கணினியைத் தருவோம் என்கிறார்கள். ‘தகவல்களுக்குக் கடை பொறுப்பல்ல’ என்று சீட்டின் அடியில் அச்சிட்டிருப்பதையும் காட்டுகிறார்கள். தை முகூர்த்த வேலைகள் கையில் இருக்கும் நேரத்தில் இப்படி ஆகிவிட்டது. எனக்கு ஏதேனும் உரிமை உண்டா?

பதில் 1 (மன்னார்குடி, கணினி பழுதுநீக்குபவர்)

சகோதரி, திரையையும் கீலையும் மாற்றுவதற்கு விண்டோஸை மீண்டும் நிறுவ வேண்டிய தேவையே இல்லை. உங்களைக் கேட்காமல் அதைச் செய்தது தவறு என்று இத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன். உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: அந்தக் கணினியை இனி யாரும் இயக்கக் கூடாது என்று கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். உள்ளே இருப்பது பழைய வகை ஹார்டு டிஸ்க் என்றால், அழிந்த கோப்புகளின் மேல் புதிய தகவல் எழுதப்படாதவரை அவற்றில் ஒரு பகுதியையாவது மீட்கும் வாய்ப்பு இருக்கிறது. எஸ்.எஸ்.டி. எனும் புதிய வகைச் சேமிப்பகம் என்றால், காலியான இடங்களை அதுவே துடைத்துவிடும் ஏற்பாடு இருப்பதால் நம்பிக்கை மிகக் குறைவு.

மதர்போர்டு போய்விட்டது என்பதையும் அப்படியே ஏற்காதீர்கள். பல மாதிரிகளில் சார்ஜர் செருகும் இடம் கீலுக்கு அருகிலேயே இருப்பதால், கீல் உடையும்போதோ அதைக் கழற்றி மாட்டும்போதோ அந்த ஜாக்கோ அதன் வயரோ மட்டும் பழுதாகியிருக்கலாம். வேறொருவரிடம் காட்டி, அவர் கண்டதை எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய திரையையும் கேட்டு வாங்குங்கள்.

பதில் 2 (தஞ்சாவூர், வழக்கறிஞர்)

மேலே சொன்னபடி எழுதி வாங்கும் கருத்து, பின்னால் நல்ல சான்றாகவும் அமையும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கட்டணத்தில் ஒரு பகுதியை மட்டும் கொடுத்து மீதியைத் தருவதாக ஒப்புக்கொண்டவரும் நுகர்வோரே; ஆகவே முன்பணம் மட்டும்தானே கொடுத்தீர்கள் என்ற பேச்சு நிற்காது. எதிர்த்தரப்பு வேறொன்றைக் கிளப்பலாம்: நீங்கள் வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர், எனவே நுகர்வோர் அல்லர் என்பார்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கத்தில் சேர்க்கக் கூடாது என்று 2(7)ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. அதன் சொற்கள் சேவையைக் குறிப்பிடாமல் பொருளைப் பற்றியே இருப்பதால், நீங்கள் ஆள் வைத்துத் தொழில் நடத்தவில்லை, உங்கள் உழைப்பே உங்கள் வருமானம் என்பதை மனுவின் தொடக்கத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.

சீட்டில் அச்சிட்ட வரியைக் கண்டு பின்வாங்க வேண்டாம். பழுதுபார்க்க ஒப்படைத்த பொருளை, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் காப்பதைப் போன்ற கவனத்துடன் காக்கும் கடமையை 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு கடைக்காரர்மேல் வைக்கிறது. நீங்கள் கேட்ட வேலை திரைக்கும் கீலுக்கும் உரியது. கேட்காத வேலையால் வந்த இழப்புக்கும் அந்த வரி பொருந்துமா என்பதே உங்கள் வாதமாக இருக்க வேண்டும். அதே சட்டத்தின் 170ஆம் பிரிவு, செய்து முடித்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளை வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஆனால் நீங்கள் ஒப்புக்கொள்ளாத, இன்னும் செய்யப்படாத மதர்போர்டு வேலைக்கு அதைப் பயன்படுத்த முடியாது. எனவே மீதி 4,500 ரூபாயை, உரிமையை விட்டுக்கொடுக்காமல் கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துக் கணினியை மீட்பதே நல்லது என்பது என் கருத்து.

கடை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் தரலாம். உங்களுடையதைப் போன்ற சிறு தொகைக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, கால வரம்பு இரண்டு ஆண்டுகள்.

பதில் 3 (மயிலாடுதுறை)

என் அச்சுப்பொறி விஷயத்தில் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில்தான் பதிந்தேன். அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. ஆனால் புகார் கடைக்குப் போனதும், இரண்டு மாதம் பேச மறுத்தவர்கள் பணத்தில் பாதியைத் திருப்பித் தந்தார்கள். கோப்புகளின் மதிப்பை நிறுவுவது கடினம் என்பதால், ஒவ்வொரு வாடிக்கையாளரும் எவ்வளவு கொடுத்தார், மீண்டும் வடிவமைக்க எத்தனை நாள் ஆகும் என்பதை இப்போதே பட்டியலிட்டு வையுங்கள் அம்மா.

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. கணினியை இயக்க வேண்டாம் என்று இன்று காலையே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். படித்ததற்கான நீலக் குறியும் வந்துவிட்டது. உள்ளே இருப்பது ஹார்டு டிஸ்க்தான். நாளை தம்பியை அழைத்துக்கொண்டு 4,500 ரூபாயுடனும் கடிதத்தின் இரண்டு படிகளுடனும் போகிறேன். ஒரு படியில் கடையின் முத்திரையும் கையெழுத்தும் கேட்பேன். போட மறுத்தால் அதையே விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டு, நடந்ததை இங்கே எழுதுகிறேன்.