வாற்பேத்தை தலைகீழாகவே நிற்கிறது, வருத்தமா?

கல்லடிக்காரன்:
வெள்ளை நிறத் தண்ணீர்த் தவளை ஒரு சோடி வளர்க்கிறேன். போன கிழமை மழை பெய்த இரவு முட்டை போட்டது, குஞ்சு வந்து இப்ப நாலு நாள். குடல் வெளியே தெரிகிற அளவுக்குக் கண்ணாடி உடம்பு. அவித்த முட்டை மஞ்சள் கரைத்து ஊற்றினேன், விடியப் பார்த்தால் தண்ணீர் நாறிப் பாதி செத்துக் கிடக்கிறது. மிச்சம் தலையைக் கீழே போட்டு வால் நுனியை மட்டும் ஆட்டிக்கொண்டு நிற்கிறது.

ஏறாவூர் தொட்டி:
தம்பி, முதலில் தாய் தவளையின் முன்காலைப் பாருங்கள். விரலுக்கிடையில் சவ்வு இருந்தால் அது குள்ளத் தவளை, அதன் குஞ்சு உயிருள்ள சின்னப் பூச்சியைத்தான் பிடித்துத் தின்னும், ஆர்ட்டீமியா என்ற பொடி இறால் முட்டையைப் பொரித்துக் கொடுக்க வேண்டும்.

கல்லடிக்காரன்:
சவ்வு இல்லை அண்ணன். பின்காலில் கறுப்பு நகம் மூன்று இருக்கிறது, உள்ளங்கை அளவு தவளை.

ஏறாவூர் தொட்டி:
அப்ப ஆப்பிரிக்க நகத் தவளை. தலைகீழாக நிற்பது அதன் வழக்கம், தண்ணீரை வாயால் இழுத்து அதிலுள்ள தூளை வடித்துத் தின்கிறது. ஸ்பைருலினா என்ற பாசித் தூள் ஒரு சிட்டிகை எடுத்துக் கோப்பையில் கரைத்து, துணியில் வடித்து, தண்ணீர் இலேசாகக் கலங்கும் வரைக்கும் மட்டும் விடுங்கள். அது தெளிந்த பிறகுதான் அடுத்த சாப்பாடு. மஞ்சள் கரு வேண்டாம், உங்கள் குஞ்சைக் கொன்றது பசியில்லை, அந்த நாற்றம்தான். பில்டரும் வேண்டாம், உறிஞ்சிவிடும். காற்று மோட்டாரை மெதுவாக வைத்தால் போதும்.

களுவாஞ்சிக்குடி அக்கா:
குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் வாளியில் திறந்து வையுங்கள். வாவிக்கரைக் கிணறு என்றால் ஊற்றுவதற்கு முன் வாயில் வைத்துப் பாருங்கள், கோடையில் உவர் ஏறும். இதுகளுக்கு 20 முதல் 24 பாகை வரைக்கும்தான் சுகம், எங்கள் வெயிலுக்கு பேசினைச் சுற்றி ஈரச் சாக்குப் போட்டு நிழலில் வைத்துத்தான் நான் தப்ப வைத்தேன்.

கல்லடிக்காரன்:
இன்று மூன்றாம் நாள், ஒன்றும் சாகவில்லை. காலையில் பச்சையாக விட்ட தண்ணீர் பின்னேரம் தெளிந்துவிடுகிறது. மீசை மாதிரி இரண்டு முளைக்கிறது, கெளுத்திக் குஞ்சு என்று மகள் அடம்பிடிக்கிறாள். கூடிப்போனால் வாவியில் விடலாமா?

ஏறாவூர் தொட்டி:
ஐயோ, வேண்டாம்! இவை நம் ஊர்த் தவளைக்குப் பூஞ்சை நோய் பரப்பக்கூடியவை. வளர்க்கிற ஆளுக்குக் கொடுங்கள். மறுகா, முன்கால் வந்து வால் சுருங்கும் நாட்களில் சாப்பிடாது, பயப்படாதீர்கள். வால் போனதும் பெரியதையும் சின்னதையும் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று தின்னும்.